வேலியை வெட்டிவிட்டு மானைத் திட்டுகிறோம்

சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் நிலம் வாங்குகிறவர்கள் செய்யும் முதல் வேலை, ஜேசிபியை வரவழைப்பது. அடுத்தது, நர்சரிக்குப் போய்ச் செம்பருத்தியும் ரோஜாவும் வாங்கி வருவது. அதற்கடுத்தது, மானைத் திட்டுவது. பவானிசாகர் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருக்கும் எனக்கு இதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறது. சென்ற ஆண்டு பக்கத்துக் காடு கைமாறியது. தாத்தன் காலத்து வேலி அரை நாளில் வேரோடு போனது. இந்தக் கோடையில் அங்கே குடிவந்தவர்கள், "மான் தொல்லை தாங்கலைங்க, ஒரு பூச்செடி வைக்க முடியலைங்க" என்று என்னிடமே வந்து முறையிடுகிறார்கள். மான் எதைத் தாண்டி வந்தது, ஏன் வந்தது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதைவிட, தாங்கள் எதை வெட்டினோம் என்பதே தெரியவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்க முடியாதது.

வண்டி ஓட்ட வந்த தம்பியிடம், எதையெல்லாம் எடுக்கப் போறீங்க என்று கேட்டேன். "எல்லாம் வெறும் பொதருங்ணா, மத்தியானத்துக்குள்ள சுத்தம் பண்ணிருவோம்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். சொன்னவருக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

அந்தப் புதரில் இருந்தவற்றை நான் சொல்கிறேன். கிளுவை இருந்தது. காரை, களா, சூரை, சங்கஞ்செடி, விடத்தலை இருந்தன. முள்ளில்லாதவற்றில் ஆவாரை, விராலி, பூலா. இவற்றின் மேலேறிப் படர்ந்து பிரண்டை, கோவை, முடக்கத்தான், வேலிப்பருத்தி. ரசத்துக்கும் துவையலுக்கும் சந்தையில் காசு கொடுத்து வாங்கும் பிரண்டையும் முடக்கத்தானும் அந்த வேலியில் சும்மா கிடந்தவை. காரைப்பழத்தையும் சூரைப்பழத்தையும் தின்றுதான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வந்தார்கள். களாக்காய் ஊறுகாயாகி ஜாடியில் இருக்கும். அடியில் கௌதாரி முட்டையிடும், கீரி ஓடும், உடும்பு பதுங்கும். இத்தனையும் சேர்ந்த ஒன்றுக்கு நாம் வைத்த பெயர் குப்பை.

கொங்குச் சீமையில் வேலி என்றால் அது உயிர்வேலி. காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தரையில் கொழுக்கட்டைப்புல், நடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. இந்த மூன்றையும் நம்பித்தான் காங்கயம் மாடு வளர்ந்தது. கிளுவைக்கு விதை வேண்டாம், நாற்றும் வேண்டாம். மழைக்கு முன் கிளையை வெட்டி நட்டால் வேர்பிடித்துவிடும். கோடையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செத்ததுபோல் நிற்கும். ஒரு மழை பெய்தால் போதும், பச்சையாகிவிடும். கிளை நுனியெல்லாம் முள். நெருக்கி நட்டுப் பின்னிவிட்டால் ஆடு நுழையாது, மாடு நுழையாது, மானும் தயங்கும். இப்படி ஒரு வேலியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கல் ஊன்றிக் கம்பி இழுக்க லட்சக்கணக்கில் செலவு செய்கிறார்கள். வாங்கும்போது நிலத்தோடு சேர்ந்து சும்மா வந்த வேலி அது. கண்முன்னே இப்படி வீணாவதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது?

மானைப் பற்றிப் பேசுவோம். இங்கே தோட்டத்துக்குள் வருவது பெரும்பாலும் புள்ளிமான். அது முதலில் புல் மேயும் பிராணி. மழை பெய்து காட்டுக்குள் புல் பச்சையாக இருக்கும்வரை நம் வாசலை அது எட்டிப் பார்ப்பது குறைவு. மாசி, பங்குனியில் புல் காய்ந்ததும் செடிகளின் தளிர், உதிர்ந்த பூ, காய், பழம் என்று திரும்பும். வேலங்காய், விடத்தலைக்காய், இலந்தைப்பழம் எல்லாம் அந்தப் பஞ்ச காலத்துக்கான தீனி. அவை இருந்த இடத்தை மொட்டையாக்கிவிட்டு, தண்ணீர் பாய்ச்சிய செம்பருத்தித் தளிரை அதன் மூக்குக்கு நேரே வைத்தால் தின்னாமல் என்ன செய்யும்? அதுவும் குட்டியோடு வரும் பசித்த பெட்டைமான்?

காட்டுக்குள் புல் குறைந்த கதையும் உண்டு. மலையடிவாரமெங்கும் உன்னிச்செடி மண்டிக் கிடக்கிறது. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த செடி அது. 1800களின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு ஆங்கிலேயர் கொண்டுவந்தது, இன்று நாடு முழுக்கக் காட்டை மூடியிருக்கிறது. அதன் அடியில் புல் தழைப்பதில்லை. இலையை மான் விரும்பி மேய்வதில்லை, மாடு தின்றால் ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்துபோகும். பழத்தை மட்டும் பறவைகள் தின்று விதையை எங்கும் போடுகின்றன. 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் காடு 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. அவ்வளவு பெரிய காடு இருந்தும் மான் ஏன் இங்கே வருகிறது என்று கேட்கிறார்கள். காட்டின் பரப்பை மட்டும் பார்த்தால் போதாது. அதில் மான் தின்னக்கூடிய தரை எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

கொடுமை என்னவென்றால், ஆவாரையையும் காரையையும் வேரோடு பிடுங்கிய அதே நிலத்தில் உன்னிச்செடியை விட்டுவைக்கிறார்கள். "கலர் கலரா பூக்குதுங்க, அழகா இருக்கு, மானும் தொடறதில்லை" என்கிறார்கள். சிலர் தண்ணீர்கூட ஊற்றுகிறார்கள். காக்க வேண்டியது வெட்டப்படுகிறது, வெட்ட வேண்டியது வளர்க்கப்படுகிறது. இதற்கெல்லாம் ஒரே காரணம், எது எந்தச் செடி என்று தெரியாதது.

தெரிந்துகொள்வது அவ்வளவு கடினமா? இல்லவே இல்லை. உன்னியின் தண்டு நாலு பட்டையாக இருக்கும், கொக்கிபோல் வளைந்த சிறு முட்கள் கையைக் கீறும், இலை சொரசொரப்பாக இருக்கும், கசக்கினால் நெடி அடிக்கும். ஒரே கொத்தில் இரண்டு மூன்று நிறப் பூ இருக்கும். இதை ஒருமுறை கசக்கி முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். காரையையும் களாவையும் குழப்புகிறவர்கள் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தால் போதும். களாவில் பால் வரும், காரையில் வராது. களாவின் பூ மல்லிகைபோல் வெள்ளையாக மணக்கும், பழம் கறுக்கும். காரையின் பழம் மஞ்சளாகும். சூரை முள் கொக்கிபோல் பின்னால் வளைந்திருக்கும், மாட்டினால் சட்டையை விடாது. சங்கஞ்செடியில் ஒரு கணுவுக்கு நாலு முள். விராலி இலை பளபளவென்று பிசுபிசுக்கும், காய் மெல்லிய இறக்கை வைத்துச் சிவந்து தொங்கும்.

விடத்தலைக்கும் சீமைக்கருவேலத்துக்கும் இளஞ்செடியில் வித்தியாசம் தெரியாமல் வெட்டுவதை எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன். இரண்டிலும் இலை பொடிப்பொடியாக இருக்கும், இரண்டும் முட்செடி. ஆனால் விடத்தலையில் கிளையின் நுனியே கூர்ந்து முள்ளாகும். பூ ஒரு பாதி இளஞ்சிவப்பு, மறுபாதி மஞ்சள், காய் முறுக்கிக்கொண்டு கொத்தாக இருக்கும். சீமைக்கருவேலத்தில் கணுவுக்குக் கணு முள், பூ வெளிர்மஞ்சள் கதிர், காய் நீண்டு தொங்கும். முதலாவது இந்த மண்ணின் செடி, ஆட்டுக்கும் மானுக்கும் கோடைத் தீனி. இரண்டாவது விறகுக்காகக் கொண்டுவந்து பரப்பியது, இன்று ஏரி குளமெல்லாம் அதுதான்.

மஞ்சள் பூவில் நடக்கும் குழப்பம் இன்னும் மோசம். ஆவாரை நம் தரிசு நிலத்தின் செடி, பெரும்பாலும் இடுப்பளவு, தலையளவு உயரம். காம்பின் அடியில் காதுமடல் மாதிரி சிறு இலை ஒட்டியிருக்கும், காய் தட்டையாகக் காகிதம்போல் இருக்கும். மஞ்சக்கொன்னை அயல்நாட்டு மரம், காய் உருட்டையாக நீண்டிருக்கும். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டை விழுங்கிக்கொண்டிருப்பது இந்த மரம். இரண்டும் மஞ்சளாகப் பூப்பதால், "உள்ளூர்ச் செடிதானேங்க" என்று மஞ்சக்கொன்னையை நட்டு வளர்ப்பவர்களைப் பார்த்தால் என்ன சொல்வதென்றே தெரிவதில்லை. பொங்கலுக்கு முன்னால் கொங்கு நாட்டில் வீட்டுக்கு வீடு காப்புக்கட்டுவோம். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றும் வேண்டும். சொந்தக் காட்டில் பறித்ததை இன்று பேருந்து நிலையத்தில் கட்டுக்கட்டாக விலைகொடுத்து வாங்கி வருகிறார்கள். வாங்கும் கை எது, ஆறு மாதம் முன்பு அதே ஆவாரையைப் பிடுங்கச் சொன்ன கைதான்.

நர்சரிகளின்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அழகுச்செடி கேட்டால் எடுத்துக் கொடுப்பதெல்லாம் வெளிநாட்டுச் செடி, இல்லையென்றால் மானுக்கு விருந்தாகும் செடி. களா இருக்கிறதா, விராலி இருக்கிறதா என்று கேட்டால், "அதெல்லாம் காட்டுச் செடிங்க, யாரு வாங்குவாங்க" என்கிறார்கள். காட்டோரத்தில் நடக் காட்டுச் செடிதானே வேண்டும்! மழை குறைந்தாலும் பிழைக்கும், கரட்டு மண்ணில் வேர்விடும், மான் ஒரு வாய் கடித்தாலும் மறுபடி தழைக்கும். இத்தனை குணம் உள்ள செடிக்கு ஒரு பிளாஸ்டிக் பை மண்ணும் ஒரு பெயர்ச்சீட்டும் கொடுக்க யாரும் முன்வருவதில்லை.

செல்போனில் படம் பிடித்தால் பெயர் சொல்லிவிடுகிறதே என்பார்கள். பூவும் இலையும் தெளிவாக இருந்தால் பல நேரம் சொல்லும், மறுக்கவில்லை. ஆனால் மான் பசியோடு வரும் கோடையில், இலையுதிர்த்து வெறும் முள்ளும் குச்சியுமாக நிற்கும் செடியை அதற்குக் காட்டிப் பாருங்கள். அப்போது தண்டின் நிறம் பார்க்க வேண்டும், பட்டை உரிவதைப் பார்க்க வேண்டும், முள் நேரா வளைவா, ஒற்றையா இரட்டையா என்று பார்க்க வேண்டும், கீறி முகர வேண்டும். அதை ஆடு மேய்க்கும் பாட்டி ஒருவர் நடந்துகொண்டே சொல்லிவிடுகிறார். "ஏஞ்சாமி, இது தெரியலையா, இது காரமுள்ளு. ஆடு கொழுந்தைத்தான் கடிக்கும், முத்துன எலையத் தொடாது" என்பார். மலைமேல் ஊராளி, சோளகர் மக்களுக்கு இந்தக் காட்டின் செடி ஒவ்வொன்றும் பெயரோடும் குணத்தோடும் தெரியும். அவர்களிடம் கூலிக்கு வேலை வாங்குகிறோம். கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

படித்தவர்களின் அறிவுக்கும் குறைவில்லை. சென்னை மாகாணத்தின் தாவரங்களைப் பற்றி கேம்பிள் தொடங்கிய பெருநூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்தில் இருந்த கே.எம். மேத்யூ பாதிரியார் தமிழகச் சமவெளிக்கும் குன்றுகளுக்குமாகத் தனிப் பெருந்தொகுதிகள் எழுதினார். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. அங்கே உலர்த்திய தாவர மாதிரிகள் அடுக்கடுக்காகப் பாதுகாக்கப்படுகின்றன. இவ்வளவும் இருந்து என்ன? ஆங்கிலத்திலும் லத்தீனிலும் இருக்கும் அது, நிலம் வாங்குகிறவர் கைக்கும் வண்டி ஓட்டும் தம்பி கைக்கும் வந்து சேரவில்லை. சட்டைப் பையில் அடங்குகிற, உள்ளூர்ப் பெயரும் கலர்ப் படமும் போட்ட சிறு தமிழ்ப் புத்தகம் வேண்டும் என்று எங்கள் பக்கத்து நூலகத்தில் கேட்டுச் சலித்துவிட்டேன்.

மானைத் தடுக்க இவர்கள் செய்வதைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கிறது. பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டுகிறார்கள். கொம்பு சிக்கினால் மான் இழுத்து இழுத்துக் கழுத்தை நெரித்துக்கொள்ளும். சிக்கியதை அவிழ்த்துவிட்டாலும் பயத்தின் அதிர்ச்சியிலேயே செத்துப்போவதும் உண்டு. நாயை அவிழ்த்துவிடுகிறார்கள். துரத்தும் நாய்க்குப் பயந்து ஓடுகிற மான், சுவர் இல்லாத கிணற்றில் விழுகிறது. திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் மானும் சாகும், யானையும் சாகும், விடிகாலையில் தண்ணீர் கட்டப் போகும் மனிதனும் சாவான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைக் கொல்வது சிறைக்குரிய குற்றம். சட்டத்தை விடுங்கள். ஒரு ரோஜாச் செடிக்காக ஓர் உயிரைத் துடிக்கவிடுவது எந்த ஊர் நியாயம்?

கடலை போட்டுப் பிழைக்கிற சம்சாரியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கடன் வாங்கி விதைத்ததை ஒரே இரவில் மான்கூட்டம் மேய்ந்துவிட்டால் அவர் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது? அவருக்கு உரிய இழப்பீடு அலைக்கழிக்காமல் கிடைக்க வேண்டும். ஆனால் வேலியைப் பிடுங்கியவர்களில் பலர் அவர்கள் இல்லை. வார இறுதியில் வந்து தங்குவதற்காக வீடு கட்டுகிறவர்கள். அவர்கள் வேலி போனதும் மான் அந்த வழியாகத்தான் அடுத்த சம்சாரியின் கடலைக்காட்டுக்குள் இறங்குகிறது. ஒருவர் அழகுக்காகச் செய்ததற்கு இன்னொருவர் வயிற்றில் அடி விழுகிறது.

மானும் இருக்க, தோட்டமும் இருக்க வழி உண்டு. என் நிலத்தில் அப்படித்தான் நடக்கிறது. வெளிவட்டத்தில் கிளுவையோடு காரை, களா, சூரை, விடத்தலை. அங்கே மான் வந்து தளிர் கடிக்கட்டும், காய் பொறுக்கட்டும், அது அதன் பங்கு. அதற்கு உட்புறம் நொச்சி, ஆடாதோடை, எருக்கு. ஆடே ஒதுக்கும் இலைகள் இவை, மானும் பெரும்பாலும் ஒதுக்கும். வீட்டையொட்டித் துளசி, திருநீற்றுப்பச்சிலை, மஞ்சள். கீரை, காய்கறி, செம்பருத்தி போன்ற ஆசைச் செடிகளுக்கு மட்டும் சின்னதாக ஓரிடம் ஒதுக்கி, எட்டடி உயரத்துக்கு அடைப்பு. மொத்த நிலத்துக்கும் கம்பி போடும் செலவில் சிறு பங்குகூட ஆகாது.

மரக்கன்று வைத்தால், தலை ஆறடி தாண்டும்வரை அதற்குக் காவல் வேண்டும். பின்னங்காலில் எழும்பி நின்று எட்டிக் கடிப்பது புள்ளிமானுக்குப் பழக்கம். கிடாமான் கொம்பு முதிரும்போது மேல்தோலை உரிக்க இளங்கன்றின் தண்டில் தேய்க்கும், அதில் பட்டை உரிந்து கன்று போய்விடும். வெட்டிய காரைமுள்ளையோ சூரைமுள்ளையோ சுற்றிக் கட்டினால் இரண்டுக்கும் காப்பு. கோடையில் வெளிவேலி ஓரமாக ஒரு தொட்டியில் தண்ணீர் வைத்தால் உள்ளே வரும் தேவையும் குறையும். கடும் பஞ்சத்தில் எந்தச் செடியும் முழுதாகத் தப்பாது, அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். காட்டோரத்தில் குடியிருக்க ஆசைப்படுகிறவர், காட்டுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் தயாராக இருக்க வேண்டும்.

உன்னியை எடுக்கும் முறையும் இருக்கிறது. மேலாக வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாய்த் துளிர்க்கும். தண்டும் வேரும் சேரும் இடத்தில், தரைக்குச் சற்று அடியில் வெட்டித் தூரோடு கிளப்பி, தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். எடுத்த இடத்தைச் சும்மா விட்டால் மீண்டும் உன்னிதான் வரும், உடனே புல்விதையும் உள்ளூர்ச் செடியும் நட வேண்டும். அயல் களைத் தாவரங்களை அகற்றித் தாய்க்காட்டை மீட்பதற்குத் தமிழ்நாடு அரசு 2022-இல் தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. நல்லதுதான். ஆனால் இயந்திரம் இறக்கும் இடத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்று கைநீட்டிச் சொல்லச் செடி தெரிந்த ஆள் நிற்காவிட்டால், உன்னியோடு சேர்ந்து காரையும் களாவும் போகும்.

எனக்கு வேண்டியதெல்லாம் பெரிய திட்டம் இல்லை. நிலத்தில் இயந்திரம் இறங்கும் முன், அந்த ஊரில் ஆடு மேய்க்கும் ஒருவரை அழைத்து, அன்றைய கூலியைக் கொடுத்து, நிலத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து வாருங்கள். ஒவ்வொரு செடியாகப் பெயர் கேளுங்கள். எடுக்க வேண்டியதற்கு ஒரு நிறத்திலும் விட வேண்டியதற்கு வேறு நிறத்திலும் துணி கட்டுங்கள். ஊராட்சி இதைக் கட்டாயமாக்கட்டும். வனத்துறை நாற்றங்காலில் தேக்குக்கும் வேம்புக்கும் பக்கத்தில் காரைக்கும் களாவுக்கும் கிளுவைக்கும் ஒரு பாத்தி ஒதுக்கட்டும். மலையடிவாரப் பள்ளிகளில் ஊர்வேலியின் செடிகளைப் பிள்ளைகள் பெயர் சொல்லிப் பழகட்டும். பாட்டிமார்கள் இருக்கும்போதே இதைச் செய்தால்தான் உண்டு. அவர்களுக்குப் பின் கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை. இதில் ஒன்றையும் செய்ய மாட்டோம் என்றால், மான் வந்து ரோஜாவைத் தின்றுவிட்டது என்று இனிமேல் யாரும் என் வாசலுக்கு வரவேண்டாம். மான்மேல் ஒரு குற்றமும் இல்லை.